பெட்டியைத் திறக்காமல் உள்ளே யுரேனியம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கொழும்பில் சுங்க அனுமதி வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவர் பொறுப்பில் வந்த கொள்கலன் ஒன்று, உள்ளே முழுக்கத் தரை டைல்ஸ். துறைமுகத்தில் கதிர்வீச்சு வாசலைத் தாண்டும்போது அலாரம் அடித்திருக்கிறது. லொறியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஒருவர் கையடக்கக் கருவியோடு வந்து, பெட்டியின் பக்கவாட்டில் சில நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இயற்கையானதுதான், போகலாம்" என்று அனுப்பிவிட்டார். சீல் உடைக்கவில்லை. ஒரு டைல்கூட வெளியே வரவில்லை. "துண்டு வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் அவருக்கு எப்படித் தெரியும்? உண்மையாகவே யுரேனியம் இருந்திருந்தால் இதே மாதிரிப் பிடித்திருப்பாரா?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் டைல்ஸில் யுரேனியம் உண்மையாகவே இருந்தது. தோரியமும் இருந்தது. டைல்ஸின் வெள்ளைப் பூச்சுக்குச் சிர்கன் மணலை அரைத்துச் சேர்ப்பார்கள். நம் புல்மோட்டைக் கரையிலும் கிடைக்கிற அதே கனிமம்தான். சிர்கன் பளிங்குக்குள் யுரேனியமும் தோரியமும் பிறவியிலேயே கொஞ்சம் சிக்கிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த அதிகாரி தேடியது யுரேனியம் இருக்கிறதா என்பதை அல்ல. அது பூமியில் கிடந்தபடியே இருக்கிற யுரேனியமா, யாரோ பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த யுரேனியமா என்பதைத்தான். இந்த இரண்டையும் வெளியில் நின்றே பிரித்துச் சொல்லலாம். எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியில் நின்று சொல்வதுதான் பெரிய தலையிடி. நான் இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டியவன். 'எது' என்பது எளிது, 'எவ்வளவு' என்பது கடினம் என்பதைத்தான் கீழே பல விதமாகச் சொல்லப் போகிறேன்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் காலையில் சூன் பாண் த்ரீவீலர் வருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறக்காமலே அந்த மெட்டைக் கேட்டவுடன் பாண் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீன்காரரோ பழைய பேப்பர்காரரோ அல்ல என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வண்டிக்குள் எத்தனை பாண் மிஞ்சியிருக்கிறது? மெட்டு அதைச் சொல்லாது. சத்தம் பெரிதாகக் கேட்டால் வண்டி கிட்ட நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம், ஒலிபெருக்கி பெரிதாக இருக்கலாம், இடையில் மதில் இல்லாமல் இருக்கலாம். காமாக் கதிர் அளவீடும் இதே கதைதான்.

கதிர்த்தொழிற்பாடுள்ள ஓர் அணுவின் கரு சிதையும்போது, மிஞ்சுகிற புதிய கரு பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் சக்தியோடு பிறக்கும். அந்த மிகைச் சக்தியை ஒரு காமாக் கதிராக வெளியே தள்ளிவிட்டு அமைதியடையும். படிக்கட்டில் இறங்குவது போல. படிகளின் உயரம் அந்தக் கருவுக்கே உரியது, மாறாது. சூடாக்கினாலும், அமிலத்தில் கரைத்தாலும், டைல்ஸுக்குள் சுட்டாலும் படியின் உயரம் அதேதான். இரசாயன மாற்றமெல்லாம் வெளியே சுற்றும் இலத்திரன்களின் விவகாரம், கருவுக்கு அது எட்டாது. அதனால்தான் துண்டு வெட்ட வேண்டிய தேவையே இல்லை. பொருள் தானாகவே தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1900 இல் பிரான்சில் போல் வில்லார்ட் இந்தக் கதிரை முதலில் கவனித்தார், 1903 இல் ரதர்போர்ட் அதற்குக் காமா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்களைத் துல்லியமாகப் படிக்கும் கருவி வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

சக்தியைக் கிலோ இலத்திரன் வோல்ற்றில் அளப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதை எழுதினால் படிக்கிறவருக்கும் எனக்கும் அலுக்கும், ஆகவே இனி எண்ணை மட்டும் தருகிறேன். பெயரோடு ஒட்டிவரும் எண் ஒரே மூலகத்தின் வகைகளைப் பிரித்துக் காட்டுவது, பின்னால் வருவதுதான் சக்தி. பொற்றாசியம்-40 என்றால் 1461. சீசியம்-137 என்றால் 662. யுரேனியம்-235 என்றால் 186. புளுத்தோனியம்-239 க்குப் பல உண்டு, அவற்றில் வசதியானது 414. தோரியம் படிப்படியாகச் சிதைந்து மாறும் சங்கிலியின் கடைசியில் வரும் தலியம்-208 க்கு 2614, இயற்கையில் சாதாரணமாகக் காண்பவற்றில் மிகப் பலமானது அதுதான். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இவை தொலைபேசி இலக்கம் மாதிரி மனப்பாடம்.

உங்கள் லொறி தாண்டிய வாசல் இந்த இலக்கம் எதையும் வாசிக்காது. இரண்டு பக்கமும் நிற்கும் தூண்களுக்குள் பெரிய பிளாஸ்டிக் பலகைகள் இருக்கின்றன. காமா பட்டால் மின்மினிப்பூச்சி போலக் கண நேரம் ஒளிர்கிற விசேஷ பிளாஸ்டிக். விலை குறைவு, பரப்பளவு பெரிது, லொறி மெதுவாக ஊர்ந்து போகிற சில செக்கன்களில் நிறையப் பிடிக்கும். ஆனால் சக்தியைப் பிரித்துப் பார்க்கும் திறன் அதற்கு மோசம். சூன் பாண் உவமையில், சத்தம் கேட்கும், மெட்டுப் புரியாத காது. கூடவே நியூத்திரனைப் பிடிக்க ஈலியம்-3 வாயு நிரப்பிய குழாய்களும் இருக்கும், அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

இந்த வாசல்களில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், லொறி உள்ளே நுழைந்தவுடன் எண்ணிக்கை முதலில் குறையும் என்பதுதான். தரையிலிருந்து இயற்கையாக வரும் கதிரை லொறியின் இரும்பே மறைத்துவிடுகிறது. பிறகு சரக்கின் கதிர் ஏறுகிறது. அந்த வரைபின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லும். டைல்ஸ், பசளை, கருங்கல் போன்றவை பெட்டி முழுக்கப் பரவியிருப்பதால் வரைபு மேசை போலத் தட்டையாக எழும். ஒரு மூலையில் சிறிய ஈயப்பெட்டிக்குள் எதையாவது ஒளித்திருந்தால் கோபுரம் மாதிரி ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அனுபவமுள்ள அதிகாரி கைக்கருவியை எடுக்க முன்பே மேசையா கோபுரமா என்று பார்த்துவிடுவார்.

இப்படி மேசை எழுப்பும் சரக்கு நம் துறைமுகத்தில் ஏராளம். பொற்றாசியப் பசளையை எடுங்கள், நெல்லுக்கும் தென்னைக்கும் போடுகிற எம்.ஓ.பி. அதன் நிறையில் பாதிக்குச் சற்று மேல் பொற்றாசியம். இயற்கைப் பொற்றாசியத்தின் ஒவ்வொரு கிராமிலும் செக்கனுக்கு ஏறக்குறைய 31 அணுக்கள் சிதையும். அப்படியானால் 50 கிலோ மூட்டை ஒன்றில் செக்கனுக்கு எட்டு இலட்சம் சிதைவு. அவற்றில் பத்தில் ஒன்றுதான் 1461 காமாவைத் தரும், அதுவே செக்கனுக்கு எண்பதாயிரத்துக்கு மேல். ஒரு கொள்கலன் நிறைய அடுக்கினால் வாசல் கத்தாமல் என்ன செய்யும்? பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் உடம்பிலேயே செக்கனுக்கு நாலாயிரம் பொற்றாசியம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. சில வேளை சரக்கே காரணமாக இருக்காது; தைரொயிட்டுக்குக் கதிர் அயடீன் சிகிச்சை எடுத்துச் சில நாளே ஆன ஒருவர் வாகனத்தில் உட்கார்ந்திருப்பார். அயடீன்-131 க்கு 364. அதையும் கைக்கருவி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

சரி, கைக்கருவிக்கு வருவோம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் சோடியம் அயடைட்டுப் பளிங்கு, கொஞ்சம் தலியம் கலந்தது. 1948 இல் ரொபர்ட் ஹொஃப்ஸ்ரட்டர் இதைச் செய்து காட்டினார். காமா உள்ளே தன் சக்தி முழுவதையும் கொட்டினால், கொட்டிய அளவுக்கேற்ப ஒளி வரும். அந்த ஒளியை அளந்தால் சக்தி தெரியும். ஆயிரக்கணக்கான காமாக்களை இப்படி அளந்து, எந்தச் சக்தியில் எத்தனை என்று வரைந்தால் அதுதான் நிறமாலை. சக்தி முழுவதும் கொட்டாமல் பாதியில் தப்பியோடும் காமாக்கள் இடது பக்கத்தில் ஒரு மேடாகக் குவியும், முழுவதையும் கொட்டியவை தத்தமது எண்ணில் உச்சிகளாகத் தலை நீட்டும்.

இந்தப் பளிங்கின் குறை, உச்சிகள் பருத்திருப்பது. 662 இல் வரும் சீசிய உச்சி ஏறக்குறைய 7 சதவீத அகலம், அதாவது 45 அலகுக்கு மேல். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உச்சிகள் இருந்தால் ஒன்றாகக் கலந்து குண்டாகத் தெரியும். ஆய்வுகூடத்தில் இதற்காகவே ஜேர்மானியம் என்ற மூலகத்தின் மிகத் தூய பளிங்கை வைத்திருப்பார்கள். அது 1332 இல்கூட 2 அலகுக்குக் குறைந்த அகலத்தில், ஊசி மாதிரி உச்சி காட்டும். ஆனால் திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நைதரசன் ஊற்றும் வேலை என் தலையில் இருந்த காலத்தில், ஒரு சித்திரைப் புதுவருட விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது குடுவை வறண்டு, பளிங்கு அறை வெப்பநிலைக்கு வந்திருந்தது. மறுபடி குளிர்வித்துச் சீர்படுத்த எத்தனை நாள் போயிற்று என்று சொல்லப் போவதில்லை. மின்சாரத்தால் குளிரூட்டும் கருவிகளை இப்போது விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் நைதரசனே பரவாயில்லை என்று தோன்றும்.

கூர்மையான உச்சி எதற்குத் தேவை என்பதற்கு உங்கள் டைல்ஸே நல்ல உதாரணம். யுரேனியம்-235 இன் உச்சி சரியாகச் சொன்னால் 185.7. டைல்ஸில் இருக்கும் இயற்கை ரேடியம்-226 இன் உச்சி 186.2. இடைவெளி அரை அலகு! ஜேர்மானியமே இங்கே தடுமாறும், சோடியம் அயடைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் கைக்கருவியோடு நின்ற மனிதர் எதை வைத்து முடிவெடுத்தார்? கூட வந்திருக்கும் உறவினர்களைப் பார்த்து. யுரேனியம் பூமியில் இருக்கும்போது, அது சிதைந்து உண்டாகும் பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாம் கூடவே இருக்கும்: ரேடியம், ரேடன், பிஸ்மத்து-214. பிஸ்மத்து 609, 1120, 1764 ஆகிய இடங்களில் பலமாகக் கத்தும். யாராவது யுரேனியத்தை இரசாயன முறையில் பிரித்தெடுத்தால் ரேடியமும் அதற்குப் பின் வரும் பரம்பரையும் தொட்டியிலேயே தங்கிவிடும். திரும்பவும் ரேடியம் சேர ஆயிரக்கணக்கான வருடம் வேண்டும். ஆக, 186 இல் உச்சி இருந்து 609 இலும் 1764 இலும் உச்சி இருந்தால் குடும்பத்தோடு வந்திருக்கிறது, இயற்கை. 186 மட்டும் தனியாக நின்றால் அது தொழிற்சாலையைப் பார்த்து வந்தது.

யுரேனியம்-238 இன் கதை இன்னும் விநோதம். அதுவாக உருப்படியான காமா எதையும் தராது. அதன் பேரப்பிள்ளையான புரோட்டக்டினியம்-234 தான் 1001 இல் ஓர் உச்சி தருகிறது. நடுவில் இருக்கும் தோரியம்-234 இன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைந்து முடிய எடுக்கும் காலம், 24 நாள். அதனால் புதிதாகச் சுத்தம் செய்த யுரேனியத்தில் இந்த உச்சி முழு உயரத்துக்கு வளர மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அவசரப்பட்டு அளப்பவர் யுரேனியத்தைக் குறைத்து மதிப்பிடுவார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போகும் இந்த விஷயம் ஆய்வுகூடத்தில் பலருடைய கணக்கைக் கவிழ்த்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை, கொழும்புக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், 1877 இல் கொழும்பில் பிறந்தவர். சிற்பத்தையும் ஓவியத்தையும் பற்றி எழுதத் தொடங்கும் முன் அவர் இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பான புவியியலாளர். 1904 இல் சப்ரகமுவப் பக்கம் ஆற்று மணலில் கிடைத்த பாரமான கறுப்புக் கனிமம் ஒன்றை அவர் விவரித்தார். முதலில் யுரேனியக் கனிமம் என்றே நினைத்தார். லண்டனில் பகுத்துப் பார்த்தபோது புதியது என்று தெரிந்து தோரியனைற்று என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் லண்டனில் இரசாயனவியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு வந்த இளைஞர் ஓட்டோ ஹான், இந்த இலங்கைத் தோரியனைற்றிலிருந்து கிடைத்த மிச்சத்தில் வேலை செய்து, 1905 இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். இன்று அதை தோரியம்-228 என்கிறோம். பிற்பாடு 1938 இல் கருப்பிளவைக் கண்ட அதே ஹான்தான். அந்தத் தோரியம்-228 இன் சந்ததியில்தான் தலியம்-208 வருகிறது. பேருவளைக் கடற்கரை மணலில் கருவியை வைத்தாலும், உங்கள் டைல்ஸ் பெட்டியில் வைத்தாலும், வலது ஓரத்தில் 2614 இல் தனியாக நிற்கும் உச்சி அதனுடையது. கருவியின் அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் தேடுவதும் அந்த உச்சியைத்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, உண்மையான அணுப்பொருள் இருந்திருந்தால்?

யுரேனியம்-235 ஒரு கிராம், செக்கனுக்கு ஏறக்குறைய 45,000 காமாக்களை 186 இல் வெளிவிடும். புளுத்தோனியம்-239 ஒரு கிராம், 414 இல் 34,000 அளவில். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, எம்.ஓ.பி. மூட்டையோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. அதோடு 186 மிகவும் பலவீனமான கதிர். யுரேனிய உலோகத்துக்குள் அது அரை மில்லிமீற்றர்கூட ஓடாது, பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கையளவு யுரேனிய உருண்டை ஒன்றை வைத்தால் வெளியே கேட்பது அதன் தோலின் குரல் மட்டும், உள்ளே இருப்பதெல்லாம் ஊமை. உருண்டையை இரு மடங்கு பெரிதாக்கினாலும் குரல் இரு மடங்காகாது. 'எவ்வளவு' என்ற கேள்வி இங்கேதான் முட்டிக்கொள்கிறது.

ஆனால் இந்தக் குறையையே ஒரு வித்தையாக மாற்றியிருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது அதுதான். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தடித்த யுரேனிய உலோகம் எதுவாக இருந்தாலும், உணரியின் கண்ணுக்கு அது முடிவில்லாத தடிப்பு. ஒரு குழாய் வழியாக மட்டும் பார்க்கும்படி உணரியை ஈயத்தால் மூடிவிட்டால், அது எப்போதும் ஒரே அளவு யுரேனியத் தோலைத்தான் பார்க்கிறது. அப்போது 186 இன் எண்ணிக்கை எதைப் பொறுத்து மாறும்? அந்தத் தோலில் நூற்றுக்கு எத்தனை பங்கு யுரேனியம்-235 என்பதை மட்டும். அதாவது செறிவூட்டலின் அளவு. கட்டி எவ்வளவு பெரிது என்று தெரியாமலே, அது இயற்கையான 0.7 சதவீதமா, மின்நிலைய எரிபொருளின் 3 முதல் 5 சதவீதமா, ஆயுதத்துக்கான 90 சதவீதமா என்று சொல்லிவிடலாம். செறிவு தெரிந்த ஒரு மாதிரியை முதலில் அளந்து ஒப்பிட்டால் போதும். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் செறிவூட்டல் ஆலைகளில் யுரேனியம் எக்சாபுளோரைட்டு (யுரேனியமும் புளோரினும் சேர்ந்த சேர்வை) அடைத்த உருளைகளுக்குப் பக்கத்தில் உணரியை வைத்துச் செய்வது இதைத்தான். உருளையின் இரும்புச் சுவர் ஏறக்குறைய 13 மில்லிமீற்றர், அதைத் தாண்டி வருவது 186 இன் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே சுவரின் தடிப்பை மீயொலிக் கருவியால் தனியாக அளந்து கணக்கைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில் பிழைவிட்டால் செறிவும் பிழைக்கும். உருளையின் நிறை எவ்வளவு என்பதற்கு அவர்கள் நம்புவது காமாவை அல்ல, தராசை.

இது நமக்குச் சம்பந்தமில்லாத தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் சீனாவுக்குப் போகும் வழியில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்த கப்பல் ஒன்றில் இதே யுரேனியம் எக்சாபுளோரைட்டு இருந்தது தெரிய வந்து, அதை வெளியேறச் சொன்னார்கள்.

புளுத்தோனியத்தில் வேறு சுவாரசியம். அதனுடன் எப்போதும் கொஞ்சம் புளுத்தோனியம்-241 இருக்கும், அது 14 வருட அரை ஆயுளோடு அமெரிசியம்-241 ஆக மாறிக்கொண்டிருக்கும். அமெரிசியத்தின் உச்சி 59.5. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், அந்தப் புளுத்தோனியம் எந்த ஆண்டளவில் பிரித்தெடுக்கப்பட்டது என்று கணக்குப் போடலாம். வெட்டாமல், கரைக்காமல், பிறந்த திகதி வரைக்கும்.

ஒளித்துக் கடத்துபவர் சும்மா இருப்பாரா? ஈயத்தால் சுற்றுவார். ஒரு சென்ரிமீற்றர் ஈயம் போதும், 186 இல் இலட்சத்துக்கு ஒன்றுகூட வெளியே வராது. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: திறந்த மாதிரி வைத்த யுரேனியத்தை அந்தக் கைக்கருவி பிடித்திருக்கும்; நன்றாக ஈயத்தில் சுற்றிய செறிவூட்டிய யுரேனியத்தைக் காமாவால் மட்டும் பிடிப்பது கடினம். யுரேனியம்-238 இன் 1001 ஈயத்தின் அதே ஒரு சென்ரிமீற்றரைப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தாண்டிவிடும். ஆனால் 238 குறைந்த, ஆயுதத் தரமான யுரேனியத்தில் அந்தக் குரலே மெலிந்துபோயிருக்கும். வாசலில் ஈலியம்-3 குழாய் வைத்திருப்பது புளுத்தோனியத்துக்காக. அது தானாகவே நியூத்திரன் விடும், ஈயத்தால் நியூத்திரனை மறைக்க முடியாது. அப்புறம் எக்ஸ்ரே படம் இருக்கிறது. காமாவை மறைக்கும் அளவுக்குத் தடித்த ஈயம் எக்ஸ்ரேயில் கறுப்புக் கட்டியாகத் தெரியும், டைல்ஸ் என்று எழுதிய பெட்டிக்குள் கறுப்புக் கட்டிக்கு என்ன வேலை? ஒன்றை ஏமாற்றப் போனால் மற்றதில் மாட்டுவார்.

பொருள் தானாகப் பேசுவதைக் கேட்பது ஒரு வழி. வெளியிலிருந்து காமாவைப் பாய்ச்சி அதைப் பேச வைப்பது இன்னொரு வழி. முதல் வழி அடியோடு தோற்கும் இடம், அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள். அதற்குள் சீசியமும் கூட்டாளிகளும் போடும் கூச்சலில் யுரேனியம், புளுத்தோனியத்தின் குரல் சுத்தமாக அமுங்கிவிடும். சீசியம்-134 க்கும் 137 க்கும் உள்ள விகிதத்தை வைத்து அது உலையை விட்டு வெளியே வந்து எத்தனை வருடம் என்று சொல்லலாமே தவிர, உள்ளே எவ்வளவு புளுத்தோனியம் என்று நேரே சொல்ல முடியாது. ஜப்பானில் இந்த ஆராய்ச்சிக்கு மும்முரம் வந்ததில் ஆச்சரியமில்லை. 2011 க்குப் பிறகு ஃபுகுஷிமாவில் உருகிக் கட்டியான எரிபொருள் அவர்கள் கண் முன்னே கிடக்கிறது.

வழி இதுதான். கோயில் ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்குச் சரியாக ஒத்துத் தள்ளினால் மட்டும் உயரும், தாளம் தப்பினால் அசையாது. கருவும் அப்படி. யுரேனியம்-235 இன் கருவுக்கு 1733 இல் ஒரு தாளம் உண்டு. புளுத்தோனியம்-239 க்கு 2143. யுரேனியம்-238 க்கு 2176, 2209, 2245. சரியாக அந்தச் சக்தியுள்ள காமாவைப் பாய்ச்சினால் கரு அதை விழுங்கி, உடனே எல்லாத் திசையிலும் திரும்ப உமிழும். பக்கத்தில் உணரியை வைத்து அந்த உமிழ்வைப் பிடித்தால், 'இது இருக்கிறது' என்று தெரியும். இதைக் கரு ஒத்திசைவு ஒளிர்வு என்று சொல்லலாம். 186 ஐப் போலத் தோலோடு நிற்கிற கதிரும் அல்ல இது: 5 சென்ரிமீற்றர் இரும்புக்குப் பின்னாலும் 2000 அளவிலான காமாவில் ஐந்தில் ஒன்று உயிரோடு போய்ச் சேரும். அதே இரும்பில் 186 ஆயிரத்துக்கு இரண்டு மிஞ்சினால் அதிகம்.

அப்படித் தேவையான சக்தியில் காமாவை எப்படி உண்டாக்குவது? ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் இலத்திரன் கற்றைக்கு எதிரே லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். எதிரே வரும் பஸ்ஸில் எறிந்த டெனிஸ் பந்து எவ்வளவு வேகமாகத் திரும்பி வரும்? அதே போல ஒளித்துணிக்கை மோதித் திரும்பும்போது அதன் சக்தி எகிறும். 350 மில்லியன் இலத்திரன் வோல்ற்று வரை முடுக்கிய இலத்திரனில் மோதினால் ஏறக்குறைய 19 இலட்சம் மடங்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் 2200 அளவிலான காமாவாக வருகிறது. இலத்திரனின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் காமாவின் சக்தியும் மாறும், வானொலி நிலையத்தைத் திருப்புவது போல. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு கற்றை பல வருடமாக இயங்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு முடுக்கிகளில் இரும்புக்குப் பின்னே ஒளித்த பொருளை இந்த முறையில் அடையாளம் கண்டு காட்டியிருக்கிறார்கள். ருமேனியாவில் புக்கரெஸ்ட்டுக்கு அருகிலும் ஒரு நிலையம் எழுந்திருக்கிறது.

கேட்க மாயாஜாலம் மாதிரி இருந்தாலும் நான் அவ்வளவு துள்ளிக் குதிக்க மாட்டேன். கருவின் தாளம் மிக மிகக் குறுகியது, ஓரிரு இலத்திரன் வோல்ற்று அகலம்தான். கற்றையோ ஆயிரக்கணக்கான இலத்திரன் வோல்ற்று அகலம். அனுப்பும் காமாக்களில் மிகச் சிறிய பங்குதான் இலக்கைத் தொடும், மற்றதெல்லாம் வெறும் இரைச்சல். கட்டிடம் அளவு முடுக்கி வேண்டும், நீண்ட நேரம் எண்ண வேண்டும். துறைமுக வாசலில் லொறிகள் வரிசையாகக் காத்திருக்க இதைச் செய்ய முடியாது. பயன்படுத்திய எரிபொருளைச் சாவகாசமாக அளக்கும் இடத்துக்குத்தான் இது பொருத்தம்.

கதிரைப் பாய்ச்சினால் சரக்கு கெடாதா, அதுவே கதிர்த்தொழிற்பாடு அடைந்துவிடாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். 2000 அளவிலான காமாவுக்குப் பெரும்பாலான மூலகங்களின் கருவிலிருந்து நியூத்திரனைப் பிடுங்கும் பலம் கிடையாது. பிடுங்காவிட்டால் பொருள் மாறாது. நின்றவுடன் எல்லாம் பழையபடி. பியகமவில் கோபாற்று-60 காமாவால் மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கம் செய்கிறார்களே, அவையும் அப்படித்தான் வெளியே வருகின்றன. அங்கே காமா கிருமியைக் கொல்ல, இரும்புக் குழாயை ஒட்டிய இடத்தைப் படம் பிடிப்பவர்களுக்குக் காமா உள்ளே இருக்கும் வெடிப்பைக் காட்ட. நாம் பேசுவது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

'எவ்வளவு' என்று கட்டாயம் தெரிய வேண்டி வந்தால் பொருள் ஆய்வுகூடத்துக்கு வரத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் அதைக் கரைப்பதில்லை. ஒருகொடவத்தையில் இலங்கை அணுசக்தி சபை இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத் துறை இருக்கிறது. மணலோ மண்ணோ என்றால் ஒரு குவளையில் காற்றுப் புகாமல் அடைத்து ஏறக்குறைய நான்கு வாரம் அலுமாரியில் வைப்பார்கள். ரேடன் வாயு தப்பாமல் உள்ளேயே சேர்ந்து, அரை ஆயுட்காலம் 3.8 நாள் என்பதால், அந்த நான்கு வாரத்தில் ரேடியத்தோடு சமநிலைக்கு வரும். அப்புறம்தான் பிஸ்மத்தின் 609 ஐ வைத்து ரேடியத்தின் அளவைச் சொல்ல முடியும். ஈயச் சுவருக்குள் ஜேர்மானியத்தின் மேல் வைத்து மணிக்கணக்காக எண்ணுவார்கள். இறக்குமதியாகும் பால்மாவில் சீசியம் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் காமா முறையால்தான். எண்ணி முடித்த பால்மாவை அப்படியே தேநீரில் போட்டுக் குடிக்கலாம், அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அடுத்த முறை உங்கள் பெட்டி அலாரம் அடித்தால், அனுமதித்தால், அந்தக் கைக்கருவியின் திரையை எட்டிப் பாருங்கள். 1461 இல் ஓர் உச்சி, 609 இல் ஒன்று, வலது ஓரத்தில் 2614 இல் ஒன்று தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பலாம். 186 இல் மட்டும் ஒன்று நின்று, 609 இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், சாரதியைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு நீங்களும் ஒரு கதிரையைப் பார்த்து உட்காருங்கள். அன்று வேலை முடிய இரவாகிவிடும்.